இன்யோ: ஒரு மாநகராட்சி விலைக்கு வாங்கிய பள்ளத்தாக்கு

கலிபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடா மாநில எல்லையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது இன்யோ கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது). பரப்பளவு 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 19,016. சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஆள்கூடத் தேறாது. இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, கொஞ்சம் வாங்கி ஒரு வீடு கட்டிக்கொண்டால் என்ன என்று அந்த வழியே காரில் போகிற எவருக்கும் தோன்றும். அது அவ்வளவு சுலபமில்லை. கவுண்டியின் நிலத்தில் தனியார் கையில் இருப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு. 90 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசுடையது: தேசியப் பூங்கா, தேசிய வனம், மேய்ச்சல் தரிசு, கடற்படையின் ஆயுதச் சோதனைக் களம். மாநில அரசுக்குக் கொஞ்சம். இன்னொரு 4 சதவீதம் வாக்கில், தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சியின் குடிநீர், மின்சாரத் துறைக்குச் சொந்தம்.

4 சதவீதம்தானே என்று விட்டுவிட முடியாது. தண்ணீர் ஓடுகிற, புல் முளைக்கிற, ஊர்கள் அமர்ந்திருக்கிற ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தரையில் பெரும்பகுதி அந்த 4 சதவீதத்துக்குள்தான் வருகிறது.

அமெரிக்கக் கிராமப்புறம் ஆளில்லாமல் கிடப்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் நமக்குத் தெரியும். சுரங்கம் மூடியது, டிராக்டர் வந்து ஆள் தேவை குறைந்தது, பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். இன்யோவுக்கும் இவை ஓரளவு பொருந்தும். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கு ஏன் இப்படி வெறிச்சோடி இருக்கிறது என்று கேட்டால், முதலில் புரட்ட வேண்டியது பத்திரப் பதிவுகளை. இயற்கையே விட்டுவைத்த வெற்றிடம்போலக் கண்ணுக்குத் தெரிவதில் பாதிக்கு மேல், மனிதர்கள் கையெழுத்துப் போட்டுக் காலி செய்தது.

மேடும் பள்ளமும்

அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால், மற்ற 48 மாநிலங்களிலும் மிக உயரமான சிகரம் மவுண்ட் விட்னி, 4,421 மீட்டர். அது இன்யோவின் மேற்கு எல்லையில் நிற்கிறது. வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த இடமான டெத் வேலியின் பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. அதுவும் இதே கவுண்டியில்தான். நேர்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் இடையே 140 கிலோமீட்டர்கூட இல்லை. பள்ளத்திலிருந்து புறப்பட்டு விட்னியின் அடிவாரம் வரை ஜூலை மாத வெயிலில் 217 கிலோமீட்டர் ஓடும் பந்தயம் ஒன்று ஆண்டுதோறும் நடக்கிறது. அதில் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சியரா நெவாடா மலைத்தொடர் பசிபிக் பக்கமிருந்து வரும் மழை மேகத்தை மறித்து, மேற்குச் சரிவிலும் உச்சியிலும் கொட்டவைத்துவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது காற்றில் ஈரம் இராது. பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்கப் பெய்வது 12, 13 சென்டிமீட்டர். இன்னும் கிழக்கே டெத் வேலியில் அதிலும் பாதிகூட இல்லை. ஆனால் உச்சியில் குவிந்த பனி மே, ஜூன் மாதங்களில் உருகி, கிழக்குச் சரிவில் டஜன் கணக்கான ஓடைகளாக இறங்குகிறது. மலையடிவாரத்தில் நின்று பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். பாறையும் மணலும் சாம்பல் நிறப் புதருமாகக் கிடக்கும் சரிவில், ஓடை வரும் தடத்தில் மட்டும் பச்சைக் கோடு இழுத்ததுபோல் வில்லோ மரங்கள் வரிசையாக நிற்கும். ஓடைகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஓவன்ஸ் ஆறு. கடலுக்குப் போகாத ஆறு அது. பள்ளத்தாக்கின் தென்கோடியில் ஓவன்ஸ் ஏரியில் போய்த் தேங்கி, அங்கேயே ஆவியாகும்.

இரண்டு பக்கமும் மலை உயர, நடுவிலிருக்கும் நிலத்துண்டு பிளவுகளின் வழியே கீழே இறங்கியதால் உண்டானது இந்தப் பள்ளத்தாக்கு. அப்படி இறங்கியும் தரை கடல் மட்டத்திலிருந்து 1,100, 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பின்னால் நடந்த அத்தனைக்கும் வித்து இந்த உயரம்தான். லாஸ் ஏஞ்சலஸ் கடலோர நகரம். இங்கிருந்து அங்கே தண்ணீர் கொண்டுபோக ஒரு பம்புகூட வேண்டாம். சரிவே இழுத்துக்கொண்டு போய்விடும். போகிற வழியில் மின்சாரமும் எடுக்கலாம்.

டெத் வேலியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அதன் பெயருக்கே கூட்டம் வந்துவிடுகிறது. 1913 ஜூலை 10-ல் அங்கே ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றும் உலகின் அதிகபட்ச வெப்பநிலையாக அதிகாரபூர்வமாக நிற்கிறது. அந்த அளவீட்டைச் சந்தேகிக்கும் வானிலையாளர்களும் உண்டு. 1880-களில் கோவேறு கழுதைகள் இழுத்த பெரு வண்டிகளில் வெண்காரம் ஏற்றி மொஹாவி ரயில் நிலையம் வரை கொண்டுபோன காலம் ஐந்தாறு ஆண்டுகளே நீடித்தது. விளம்பரத்தில் மட்டும் அது நூறாண்டு வாழ்ந்தது. 1933-ல் தேசிய நினைவிடமாகவும் 1994-ல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தார்கள். அங்கே காலங்காலமாக வாழ்ந்த டிம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு, தங்கள் சொந்த இடத்தில் சட்டப்படி நிலம் கிடைக்க 2000-ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

முதல் வாய்க்கால்கள்

ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீர்க் கதையை 1905-ல் தொடங்குவது வழக்கம். நகரம் வந்தது, விவசாயியின் தண்ணீரைப் பறித்தது என்று அது ஓடும். அப்படித் தொடங்கினால் அந்த விவசாயி அங்கே எப்படி வந்தார் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது.

தங்களை நூமூ என்று அழைத்துக்கொள்ளும் பையூட் மக்கள் இங்கே பாசனம் செய்தவர்கள். உழவு இல்லை, விதைப்பு இல்லை, ஆனால் பாசனம் உண்டு. இன்றைய பிஷப் ஊரை ஒட்டிய ஓடையில் வசந்த காலத்தில் கல்லும் கிளையும் மண்ணும் போட்டு அணை கட்டி, நீண்ட வாய்க்கால்களில் தண்ணீரைத் திருப்பி, தானாக விளையும் கிழங்குச் செடிகளுக்குப் பாய்ச்சினார்கள். அவற்றில் ஒன்று டபூஸ், நம் ஊர்க் கோரைக் கிழங்கின் இனம். இரண்டு வயல் பரப்புகள் வைத்துக்கொண்டு, ஓர் ஆண்டு இதற்கு, மறு ஆண்டு அதற்கு என்று மாற்றி மாற்றிப் பாய்ச்சினார்கள். தண்ணீர் திறந்துவிடும் பொறுப்புக்கு ஊர் கூடி ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தது.

1861-ல் பக்கத்து மலைகளின் சுரங்க ஊர்களுக்கு இறைச்சி விற்க மாடுகளை ஓட்டிக்கொண்டு வெள்ளையர்கள் வந்தார்கள். மாடுகள் மேய்ந்தது வெறும் புல்லை இல்லை. பாசனம் செய்து வளர்த்த உணவை. அடுத்த குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்தது. பசித்தவர்கள் மாடுகளைப் பிடித்துத் தின்றார்கள். அதிலிருந்து சண்டை மூண்டது. 1862 ஜூலை 4-ல் ராணுவம் முகாம் போட்டது. சுதந்திர நாளில் போட்டதால் முகாமுக்கு இண்டிபெண்டன்ஸ் என்றே பெயர். ஊருக்கும் பின்னர் அதுவே பெயரானது. விளைந்திருந்த கிழங்கையும் சேமித்து வைத்த தானியத்தையும் அழித்துப் பட்டினி போட்டுத்தான் பையூட்களைப் பணியவைத்தார்கள். 1863 ஜூலையில் 900-க்கு மேற்பட்டவர்களைக் கோடை வெயிலில் நடத்தித் தெற்கே டெஹோன் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே தப்பியவர்கள் உண்டு. பலர் பின்னர் திரும்பி வந்து, தங்கள் நிலத்தில் அமைந்த பண்ணைகளில் கூலி வேலை செய்தார்கள். அவர்களுடைய பழைய வாய்க்கால்களைப் புதிதாக வந்தவர்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

1866-ல் இன்யோ கவுண்டி உருவானபோது இதெல்லாம் முடிந்துபோன விஷயம். இண்டிபெண்டன்ஸ் தலைநகரம். இன்றும் அதுதான். சில நூறு பேர் வாழும் ஊரில், தூண்கள் வைத்த பிரம்மாண்டமான நீதிமன்றக் கட்டடம் ஒன்று நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்கிறது.

வெள்ளிக் கட்டிகள், ஏரியில் நீராவிக் கப்பல்

லாஸ் ஏஞ்சலஸ் இன்யோவால் வளர்ந்தது தண்ணீரில் தொடங்கவில்லை. ஓவன்ஸ் ஏரிக்குக் கிழக்கே மலைமேல் செர்ரோ கோர்டோ என்ற இடத்தில் 1865-ல் வெள்ளித் தாது கண்டுபிடிக்கப்பட்டது. அதை மலையிலேயே உருக்கிக் கட்டிகளாக்கி, ரெமி நாடோ என்ற வண்டிக்காரரின் கோவேறு கழுதைகள் லாஸ் ஏஞ்சலஸுக்கு இழுத்துப் போயின. திரும்பும்போது தானியமும் துணியும் ஏற்றிவந்தன. அப்போது லாஸ் ஏஞ்சலஸ் ஆறேழாயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். அதன் கடைத்தெருவுக்கு இந்த வியாபாரம் பெரிய உயிர்ப்பாக இருந்தது. ஏரியைச் சுற்றிப் போகும் நேரத்தை மிச்சப்படுத்த 1872-ல் பெஸ்ஸி பிரேடி என்ற நீராவிக் கப்பலை ஏரியில் இறக்கினார்கள். கரையில் கட்டிகள் வண்டிக்குக் காத்து மலையாகக் குவிந்தபோது, தொழிலாளிகள் அவற்றையே சுவராக அடுக்கி உள்ளே படுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கப்பல் ஓடிய அந்த ஏரி பின்னர் என்ன ஆனது என்பதற்கு வருவோம்.

அதே 1872, மார்ச் 26, அதிகாலை இரண்டரை மணி வாக்கில் பெரும் நிலநடுக்கம். லோன் பைன் ஊரின் 59 வீடுகளில் 52 இடிந்தன. பெரும்பாலும் பச்சைச் செங்கல் வீடுகள். 27 பேர் இறந்தார்கள். கூட்டாகப் புதைத்த இடம் ஊருக்கு வடக்கே நெடுஞ்சாலை ஓரத்தில் வேலியிட்டு இருக்கிறது. ஊருக்கு மேற்கே அலபாமா ஹில்ஸ் பாறைகளுக்குப் போகும் வழியில், ஆறு மீட்டர் வரை படிபோல எழும்பி நிற்கும் மண்சரிவைப் பார்க்கலாம். 1872 நடுக்கமும் அதற்கு முந்தையவையும் சேர்ந்து உண்டாக்கிய பிளவு அது. அந்தப் பாறைகளில்தான் நூற்றுக்கணக்கான குதிரை வீரர் படங்கள் எடுத்தார்கள். 1939-ல் வந்த ஒரு படத்துக்காக இதே இடத்தைப் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையாகவும் காட்டினார்கள்.

1905

வெள்ளி தீர்ந்ததும் பள்ளத்தாக்கு பண்ணைகளை நம்பியது. 1903-ல் மத்திய அரசின் நிலச் சீரமைப்புத் துறை இங்கே பெரிய பாசனத் திட்டம் ஒன்றை ஆராயத் தொடங்கியபோது விவசாயிகள் மகிழ்ந்தார்கள். தங்களிடமிருந்த நீரோட்டக் கணக்குகளையும் உரிமைகளையும் தாங்களே எடுத்துக் கொடுத்தார்கள். திட்டத்துக்குப் பொறுப்பான மண்டலப் பொறியாளர் ஜே.பி. லிப்பின்காட், அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திடமும் ஆலோசகராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் 1904, 1905-ல் பள்ளத்தாக்கில் நிலமும் ஆற்றுரிமையும் வாங்கத் தொடங்கினார். மத்திய அரசுத் திட்டத்துக்காகத்தான் வாங்குகிறார் என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். லிப்பின்காட்டோடு அவரைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. 1905 ஜூலை இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகைச் செய்தி வந்தபோதுதான், அவர் வாங்கியது அந்த நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக என்ற விஷயம் ஊருக்குத் தெரிந்தது.

நகரத்தின் பக்கம் இதன் மூளையும் முதுகெலும்பும் வில்லியம் முல்ஹாலண்ட். அயர்லாந்திலிருந்து வந்து, 1878-ல் லாஸ் ஏஞ்சலஸில் வாய்க்கால் தூர்வாரும் வேலையில் சேர்ந்து, குடிநீர்த் துறையின் தலைமைப் பொறியாளர் வரை உயர்ந்தவர். 1900-ல் ஒரு லட்சமாக இருந்த நகரம் மளமளவென்று பெருகிக்கொண்டிருந்தது. உள்ளூர் ஆறு போதாது என்பது அவர் கணக்கு. 1905-லும் 1907-லும் நகர மக்கள் கடன் பத்திரங்களுக்குப் பெருவாரியாக வாக்களித்தார்கள். 1906-ல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் நகரத்தின் பக்கம் நின்று, கால்வாய் அரசு நிலத்தில் போக வழி கொடுத்தார். மரமே இல்லாத பள்ளத்தாக்குத் தரையின் பகுதிகள் தேசிய வனத்துக்குள் சேர்க்கப்பட்டன. புதிய குடியேறிகள் நில உரிமை கோருவதைத் தடுக்க அது ஒரு வழி. பாசனத் திட்டத்தை மத்திய அரசு கைவிட்டது.

375 கிலோமீட்டர் கால்வாய் 1913 நவம்பர் 5-ல் திறக்கப்பட்டது. நீர் பாய்ந்து வந்தபோது முல்ஹாலண்ட் பேசியது சில சொற்கள்: "இதோ இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்." கால்வாயின் கொள்ளளவு வினாடிக்கு 485 கன அடி. ஆண்டு முழுக்க ஓடினால் 15 டி.எம்.சி. சொச்சம். அந்தத் தண்ணீர் வந்து சேருவதற்கு முன்பே சான் ஃபெர்னாண்டோ பகுதியில் நிலத்தை மலிவாக வாங்கிப் போட்டவர்கள் நகரத்தின் பெரும் புள்ளிகள். 1915-ல் அந்தப் பகுதி நகரத்தோடு இணைக்கப்பட்டது. அவர்கள் அடைந்த லாபத்தைப் பற்றி இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை.

வாங்கிய விதம்

திறப்பு விழாவோடு பள்ளத்தாக்கு வறண்டுவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி நடக்கவில்லை. முதல் பத்தாண்டில் பள்ளத்தாக்கின் வடபகுதி விவசாயம் நன்றாகவே நடந்தது. கால்வாயின் தலைவாய் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்தது. மேலே இருந்தவர்கள் எடுத்தது போக மிச்சம்தான் நகரத்துக்கு. 1920-களின் தொடக்கத்தில் வறட்சி வந்தபோது நகரம் மேலே ஏறத் தொடங்கியது.

பள்ளத்தாக்கில் விவசாயிகள் தனித்தனியாக வாய்க்கால் வைத்திருக்கவில்லை. ஒரு வாய்க்காலுக்கு இருபது, முப்பது பங்குதாரர்கள். தூர்வாருவது, மதகு பழுது பார்ப்பது எல்லாம் கூட்டாகத்தான். நகரத்தின் ஆட்கள் ஒரு வாய்க்காலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பண்ணைகளை வாங்கினார்கள். விற்றவர் போன பிறகு, வாய்க்காலைப் பராமரிக்கும் பாரம் மிஞ்சியவர்கள் தலையில் விழுந்தது. பக்கத்துப் பண்ணை காய்ந்தது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தார்கள், கடைக்காரருக்கு வியாபாரம் படுத்தது. இதைப் பார்த்த அடுத்தவரும் விற்றார். யாரையும் யாரும் மிரட்டவில்லை, விலையும் பல சமயம் மோசமாக இல்லை. பள்ளத்தாக்குக்காரர்கள் சிலர் நல்ல விலைக்காகவே இழுத்தடித்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் நிலம் இல்லாமல் விவசாயியை நம்பியிருந்த கொல்லர், மளிகைக்காரர், மருந்துக்கடைக்காரர் ஆகியோருக்கு விற்க என்ன இருந்தது? "திருட்டு" என்று இதைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. திருட்டுக்கு வழக்குப் போடலாம். ஒவ்வொரு கையெழுத்தும் சட்டப்படி செல்லும்போது ஊர் யார் மேல் வழக்குப் போடும்?

1924 மே மாதம் கால்வாயில் முதல் வெடி வெடித்தது. நவம்பர் 16-ல் சுமார் 70 பேர் லோன் பைனுக்கு வடக்கே அலபாமா மதகைக் கைப்பற்றி, சக்கரங்களைத் திருப்பி, கால்வாய்த் தண்ணீர் மொத்தத்தையும் பழைய ஆற்றுப் படுகைக்குத் திருப்பிவிட்டார்கள். செய்தி பரவியதும் குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டுக் கூடையோடு மக்கள் வந்து சேர்ந்தார்கள். பெரிய அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டினார்கள். கடைத்தெருவை அடைத்துவிட்டு வந்தார்கள். நான்கு நாட்கள் அது ஒரு திருவிழா. ஆளுநர் படை அனுப்ப மறுத்தார். பேச்சுவார்த்தை நடத்துவதாக வாக்குறுதி வந்ததும் கலைந்தார்கள். உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1927-ல் மறுபடி வெடிகள். நகரம் ஆயுதம் தாங்கிய காவலர்களை அனுப்பியது.

எதிர்ப்பை உடைத்தது துப்பாக்கி அல்ல, வங்கி. போராட்டத்தின் முன்னணியில் நின்ற வில்ஃப்ரெட், மார்க் வாட்டர்சன் சகோதரர்கள்தான் பள்ளத்தாக்கின் வங்கிகளை நடத்தினார்கள். 1927 ஆகஸ்டில் அந்த வங்கிகளின் கதவு மூடியது. கணக்கில் இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டியிருந்தார்கள். பள்ளத்தாக்கின் தொழில்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். வழக்கு நடந்தது இண்டிபெண்டன்ஸில். அவர்களைச் சிறு வயதிலிருந்து அறிந்த ஊர்க்காரர்களே ஜூரியாக உட்கார்ந்து குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தார்கள். சான் குவென்டின் சிறை. நிலம் விற்ற பணத்தை அந்த வங்கியில் போட்டிருந்தவர்களும் அதை இழந்தார்கள். மறு ஆண்டு மார்ச்சில், இன்யோவுக்கு வெகு தெற்கே முல்ஹாலண்ட் கட்டிய செயின்ட் ஃப்ரான்சிஸ் அணை உடைந்து 400-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர் பதவியும் அதோடு போயிற்று. ஆனால் நிலம் வாங்குவது நிற்கவில்லை. 1930-களின் நடுவில் பள்ளத்தாக்கின் விளைநிலத்தில் 95 சதவீதமும், ஊர் மனைகளில் சுமார் 85 சதவீதமும் லாஸ் ஏஞ்சலஸ் கையில்.

காலி நிலத்துக்கு வந்த கைதிகள்

1910-ல் தொடங்கி ஆப்பிளும் பேரிக்காயும் விளைந்த சிற்றூர் மன்சனார். நகரம் வாங்கியபின் 1929 வாக்கில் ஆளற்றுப் போனது. 1942-ல், ஜப்பானோடு போர் நடந்த நேரத்தில், ஜப்பானிய வம்சாவளியினரைக் கடலோரத்திலிருந்து அப்புறப்படுத்த உத்தரவு வந்தபோது, ராணுவத்துக்கு ஒரே உரிமையாளர் கையிலிருந்த, தண்ணீர் வசதியுள்ள, ஆளில்லாத பெருநிலம் தேவைப்பட்டது. இங்கே அது தயாராக இருந்தது. கால்வாய்க்கு ஆபத்து என்று நகர அதிகாரிகள் எதிர்த்தும் பயனில்லை. மார்ச் மாதம் முதல் தொகுதி வந்தது. செப்டம்பரில் 10,046 பேர். 1940 கணக்கெடுப்பில் இன்யோ கவுண்டி முழுக்க வாழ்ந்தவர்கள் 7,625. அதாவது கவுண்டியில் சுதந்திரமாக இருந்தவர்களைவிட முள்வேலிக்குள் இருந்தவர்கள் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள்.

தார்த்தாள் ஒட்டிய பலகைக் கொட்டகைகள், 36 பகுதிகள், எட்டுக் காவல் கோபுரங்கள். தரைப் பலகையின் இடுக்கில் மணல் ஏறிக் காலையில் தலையணையில் முகத்தின் தடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும் என்று அங்கே இருந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 1942 டிசம்பர் 6-ல் சமையற்கூடத் தொழிலாளி ஒருவரின் கைதை எதிர்த்துக் கூட்டம் கூடியது; காவல் படை சுட்டதில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். இதற்கு நடுவில், தண்ணீரின்றி விடப்பட்டிருந்த பழைய பழமரங்களைக் கைதிகள் கிளை கழித்துப் பாத்தி கட்டி மறுபடி காய்க்க வைத்தார்கள். கல் அடுக்கிக் குளமும் தோட்டமும் அமைத்தார்கள். 1945 நவம்பரில் முகாம் மூடப்பட்டது. 1992-ல் தேசிய வரலாற்றுத் தலமானது. மண் மூடியிருந்த தோட்டங்களில் பலவற்றை இப்போது தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

ஏரி பறந்தது

ஆற்றைத் திருப்பியபின் ஓவன்ஸ் ஏரி 1926 வாக்கில் வறண்டுவிட்டது. சுமார் 280 சதுர கிலோமீட்டர் உப்புத் தரை. காற்றடித்தால் அதிலிருந்து எழும் நுண்துகள் மத்திய அரசின் வரம்பைப் போல நூறு மடங்கு வரை போனதுண்டு. அதில் ஆர்சனிக்கும் கலந்திருந்தது. பல பத்தாண்டுகள் அமெரிக்காவிலேயே இந்த வகைத் தூசியின் மிகப் பெரிய தனி ஊற்று இந்த ஏரிப் படுகைதான். ஏரிக் கரையிலிருந்த கீலர் ஊர்க்காரர்கள் ஜன்னலுக்குத் துணி அடைத்து வாழ்ந்தார்கள்.

இப்பகுதியின் காற்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நகரத்தை விடவில்லை. 1998-ல் உடன்பாடு, 2001 முதல் வேலை. படுகையில் குழாய் பதித்து மெல்லிய நீர்ப் பரப்பாகப் பரப்புவது, உப்புப் புல் வளர்ப்பது, சரளைக் கல் கொட்டுவது. செலவு 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 1913 கால்வாயைக் கட்ட எடுத்த கடன் சுமார் 2.45 கோடி. டாலரின் மதிப்பு வேறு என்றாலும் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நல்லது. தண்ணீர் பரப்பியதில் ஓர் எதிர்பாராத வரவு, வலசைப் பறவைகள் பல்லாயிரக்கணக்கில் திரும்பியது. தூசிக்காகக் கொட்டும் தண்ணீரைக் குறைக்க நகரம் முயலும்போதெல்லாம் இப்போது பறவைகளுக்காகவும் வாதாட வேண்டியிருக்கிறது.

ஆற்று நீரோடு நிற்கவில்லை. 1970-ல் வினாடிக்கு 290 கன அடி கொண்டுபோகும் இரண்டாவது கால்வாய் திறந்தது. அதை நிரப்ப நிலத்தடி நீரை இறைத்தார்கள். நூற்றாண்டுகளாகப் பொங்கிய ஊற்றுகள் சில ஆண்டுகளில் நின்றன, புல்வெளி புதர்க்காடானது. இந்தமுறை கவுண்டிக்கு ஒரு புதிய ஆயுதம் இருந்தது, 1970-ல் வந்த கலிபோர்னியாவின் சுற்றுச்சூழல் சட்டம். 1972-ல் வழக்குத் தொடுத்தது. 1991-ல் நீண்டகால நீர் ஒப்பந்தம். அதன் தொடர்ச்சியாக, காய்ந்து கிடந்த ஓவன்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதி 100 கிலோமீட்டருக்கு மீண்டும் தண்ணீர் விட வேண்டும் என்றானது. நகரம் தாமதித்தது. பொறுமையிழந்த நீதிபதி நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார். 2006 டிசம்பரில் மதகு திறந்தது.

இன்றைய கணக்கு

கவுண்டியின் ஒரே நகராட்சி பிஷப், மக்கள்தொகை நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மலையேறுகிறவர்கள், மீன்பிடிக்கிறவர்கள், பாறை ஏறுகிறவர்கள், மே இறுதியில் கோவேறு கழுதைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் என்று 395-ஆம் நெடுஞ்சாலையில் வரும் கூட்டம்தான் பிழைப்பு. மருத்துவமனைக்கு நர்ஸ் வேண்டும், பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும், ஆனால் அவர்கள் குடியிருக்க வீடு இல்லை. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. அதில் வீடு கட்டும் அதிகாரம் ஊருக்கு இல்லை. கவுண்டிக்கு வரி கட்டுவதிலும் லாஸ் ஏஞ்சலஸ்தான் பெரிய பேர்வழி. ஓர் உள்ளாட்சி தன் எல்லைக்கு வெளியே வாங்கும் நிலத்துக்கு வரி கட்ட வேண்டும் என்று 1914-லேயே மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தியதால் அந்த வருமானமாவது மிஞ்சியது.

இதே உடைமை இன்னொன்றையும் செய்திருக்கிறது. மலையின் இந்தப் பக்கம் ஒரு பேரங்காடியோ, வரிசை வீடுகளோ, கோல்ஃப் மைதான நகரமோ எழும்பவில்லை. நகரத்தின் நிலத்தில் பெரும்பகுதியில் யாரும் இறங்கி நடக்கலாம், தூண்டில் போடலாம். தெற்குக் கலிபோர்னியாவின் மற்ற பள்ளத்தாக்குகள் இன்று எப்படி இருக்கின்றன என்று பார்த்தவர்கள், லாஸ் ஏஞ்சலஸ் வாங்கியதே நல்லது என்று வாய் தவறிச் சொல்வதுண்டு. பிஷப்பில் வாடகை வீடு தேடும் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

முதல் வாய்க்கால்களை வெட்டியவர்களின் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. 1939-ல் மத்திய அரசும் லாஸ் ஏஞ்சலஸும் நிலம் மாற்றிக்கொண்டன. பையூட்களுக்காக அரசு ஒதுக்கி வைத்திருந்த 2,913 ஏக்கர் நகரத்துக்குப் போனது. பதிலுக்குப் பிஷப், பிக் பைன், லோன் பைன் ஆகிய மூன்று இடங்களில் 1,391 ஏக்கர் கிடைத்தது. தண்ணீர் உரிமை அந்தப் பத்திரத்தில் சேரவில்லை. நகரத்தின் சாசனப்படி தண்ணீர் உரிமையைக் கைமாற்ற லாஸ் ஏஞ்சலஸ் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். அதைப் பிறகு பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று தள்ளிவைத்தார்கள். அந்தப் பேச்சு 80 ஆண்டுகளைக் கடந்தும் முடியவில்லை.